அறுபடாத ஓராண்டு: மாவட்ட மனநலச் சேவைக்குத் திட்டமும் நிதியும்

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கியும் செப்பனிட்டும் தரப்படுகிறது.)



மனநலம் பற்றிய சொற்பொழிவு என்றதும், கவலையை வெல்வது எப்படி, மன அமைதி பெறுவது எப்படி என்று பேசுவார் என எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே இருக்கலாம். நான் பேசப்போவது பணத்தைப் பற்றி. பதிவேட்டைப் பற்றி. மாத்திரை வாங்கப் போவதற்கு ஆகும் பேருந்துக் கட்டணத்தைப் பற்றி. மனநோய் உள்ள ஒருவர் தேறுவதும் சீரழிவதும் பெரும்பாலும் இவற்றால்தான் தீர்மானிக்கப்படுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இதைத் திருச்சியில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. மனநோய்க்கான சிகிச்சையைப் பெரிய மருத்துவமனையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்தது. முடியும் என்று தெரிந்தது. அந்த அனுபவத்தை வைத்து 1996-இல் நாடு முழுவதற்கும் சேர்த்து நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. அந்த நான்கில் திருச்சியும் ஒன்று. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் தாய்வீடு இந்த மாவட்டம்தான். இன்று அது 767 மாவட்டங்களுக்கு ஒப்புதல் பெற்றிருக்கிறது. எனவே இங்கிருந்து கேள்வி கேட்பது பொருத்தமானது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநலச் சேவைக்கு நாம் இதுவரை கட்டடத்தையும் பணியிடத்தையும் முகாமையும் அளவுகோலாக வைத்துத் திட்டமிட்டு வந்திருக்கிறோம். எத்தனை படுக்கை, எத்தனை பணியிடம், எத்தனை முகாம் என்றே கேட்டுவருகிறோம். இவற்றுக்குப் பதிலாக, ஒரு நோயாளிக்கு ஓராண்டு முழுவதும் அறுபடாமல் கிடைக்கும் சிகிச்சை என்பதே அளவுகோலாக வேண்டும். நிதி ஒதுக்கீடும், கண்காணிப்பும், அதிகாரிகளின் பொறுப்பும் அந்த அளவுகோலின்படி அமைய வேண்டும். இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்டத்தின் மக்கள்தொகை 27 லட்சத்து 22 ஆயிரம். இதில் வயது வந்தவர்கள் 20 லட்சம் பேர் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு அப்போது இருந்தது என்று அந்த ஆய்வு கூறியது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற கடும் நோய் 0.8 சதவீதம் பேருக்கு. தேசிய அளவை ஒரு மாவட்டத்துக்கு அப்படியே பொருத்துவதில் பிழை வரும். ஆனாலும் திட்டமிட ஏதாவது ஓர் எண் வேண்டும். அந்த எண் 16,000.

பதினாறாயிரம் பேரும் மாதம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும் என்றால் ஆண்டுக்கு 1,92,000 சந்திப்புகள். 300 வேலை நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 640 பேர். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு செவிலியர், பதிவேடு பார்க்க ஓரிருவர் என்பதே பொதுவான அமைப்பு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் தனியார் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு ஈடாகாது. மனச்சோர்வும் பதற்ற நோயும் குடிநோயும் உள்ளவர்களை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி பணம். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்பது ஒன்றிய அரசின் வரையறை. வகுத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் தலைக்கு ஆண்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம். இதுவும் உச்சவரம்பே, கைக்கு வரும் தொகை இதை எட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநில அரசு தன் மருத்துவமனைகள் வழியாகச் செய்யும் செலவு தனி. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் சமூகத்துக்குள் இறங்கி வேலை செய்யவென்றே ஒதுக்கப்பட்ட பணம் இவ்வளவுதான்.

தேவை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம் நோய்க்கு நோய் மாறுபட்டு 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாக அதே ஆய்வு கண்டது. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். விழிப்புணர்வு பெற்று வருகிறவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2. சிகிச்சை எங்கே அறுபடுகிறது

இதுதான் என் உரையின் மையப் பகுதி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

பச்சைமலையில் ஒரு சிற்றூரில் மனச்சிதைவு நோய் உள்ள ஓர் இளைஞர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். காதில் குரல் கேட்கிறது, தூக்கமில்லை, வீட்டாரையே சந்தேகிக்கிறார். குடும்பம் முதலில் கோயிலுக்குப் போகும். அதில் தவறொன்றும் இல்லை. பிறகு யாரோ சொல்லித் திருச்சி அரசு மருத்துவமனைக்கு வருவார்கள். மருந்து தொடங்கும். ஆறேழு வாரத்தில் ஆள் தெளிவார். இதுவரை நம் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. சிக்கல் மூன்றாவது மாதத்தில் தொடங்குகிறது.

மலையிலிருந்து துறையூர், அங்கிருந்து திருச்சி. நோயாளியோடு அம்மாவோ அப்பாவோ வர வேண்டும். இருவருக்கும் பேருந்துக் கட்டணம், ஒரு வேளைச் சாப்பாடு, ஒருநாள் கூலி இழப்பு. மருந்து இலவசம்தான், அதைப் போய் வாங்குவது இலவசம் இல்லை. பையன் நன்றாகத்தானே இருக்கிறான், இந்த மாதம் போகாவிட்டால் என்ன என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அறுவடைக் காலமாக இருந்தால் மறுபேச்சு இராது. மருந்து நிற்கிறது. உடனே ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் ஆபத்து. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து நோய் திரும்புகிறது. குடும்பத்துக்கு இப்போது கடனும் இருக்கிறது, மருந்தின்மேல் நம்பிக்கையும் போய்விட்டது.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் ஒரு கொடிய சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பழிப்பது எளிது. தன் ஊரில் மாதாமாதம் மருந்தும், கேட்பதற்கு ஒரு செவிலியரும் கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிள்ளையை அங்கே விட்டுப் போயிருக்கும் என்று யோசித்துவிட்டுப் பழிப்போம்.

அறுபடும் இடம் தெரிந்தால் கட்ட வேண்டிய இடமும் தெரியும். முதலாவது, மருந்து ஊருக்கு அருகில் இருக்க வேண்டும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் இந்தியாவுக்கே முன்மாதிரி. ஒவ்வொரு நிலையத்துக்கும் தொகை வரையறுத்த கணக்குப் புத்தகம் உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் மனநல மருந்துக்கு ஒரு முடிச்சு விழுகிறது. சென்ற ஆண்டு செலவானதைப் பார்த்தே அடுத்த ஆண்டுக்குக் கேட்பது எந்த நிலையத்துக்கும் இயல்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்து இல்லையென்றால் நோயாளி அங்கே வரமாட்டார். அவர் வராவிட்டால் மருந்து செலவாகாது. செலவாகாத மருந்தை மருந்தாளுநர் கேட்கமாட்டார். எங்கிருந்தாவது இந்த வட்டத்தை உடைத்தாக வேண்டும். வட்டாரத்தில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து மருந்து கேட்கும் முறை வந்தால் உடையும்.

இரண்டாவது, தொடங்குபவர் ஒருவர், தொடர்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு. நோயைக் கண்டறிந்து மருந்தைத் தீர்மானிப்பது மனநல மருத்துவரின் வேலை. நிலைபெற்றுவிட்ட நோயாளிக்கு அதே மருந்தைத் தொடர்வதும் பக்கவிளைவைக் கவனிப்பதும் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரால் முடியும். சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கலாம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-இல் தொடங்கிய பேருந்துச் சேவையை இங்கே நினைவுகூர வேண்டும். ஊருக்கே வரும் பேருந்து, திரையில் சென்னை மனநல மருத்துவர், பேருந்துக்குள்ளேயே மருந்து. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய அமைப்பு அது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர், மருத்துவமனைக்கு வெளியே மறுவாழ்வுக்காக ஒரு நிறுவனம் கண்டார் என்பதை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, வராதவரைத் தேடிப்போவது. தடுப்பூசி தவறிய குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறது என்று நம் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். காசநோய் மாத்திரையை நிறுத்தியவரைத் தேடி ஆள் போகிறது. மனநோய்க்கு மட்டும், வந்தவரை எண்ணுகிறோம், வராதவரை எண்ணுவதில்லை. முகாமில் 200 பேர் பார்க்கப்பட்டனர் என்ற அறிக்கை மேலே போகிறது. சென்ற மாதம் வந்து இந்த மாதம் வராத 40 பேர் எந்த அறிக்கையிலும் இல்லை. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விடுபட்டோர் பட்டியல் ஒன்று மாதாமாதம் தயாராக வேண்டும். அந்தப் பட்டியலின் நீளமே மாவட்டத் திட்டத்தின் மதிப்பெண்ணாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆட்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டுபோகிறார்கள். நிலைபெற்ற மனநோயாளியின் மாத்திரையும் அதே பையில் போக வேண்டும். இதற்குப் புதுத் துறை தேவையில்லை. ஓர் அரசாணையும் சிறு பயிற்சியும் போதும்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோய் என்றால் அக்கம்பக்கம் தெரிந்தாலும் ஒன்றுமில்லை. மனநோய் என்றால் ஒரு பெண்ணின் திருமணமே நின்றுபோகும் ஊர் நம்முடையது. விடுபட்டோர் பட்டியல் செவிலியரின் கையோடு நிற்க வேண்டும். ஊராட்சி மன்றத்துக்கு எண்ணிக்கை மட்டும் போக வேண்டும், பெயர் போகக்கூடாது. வீட்டுக்கு ஆள் வருவதை விரும்பாத குடும்பத்தின் விருப்பத்துக்கும் இடம் வேண்டும்.

3. பணம் வரும் வழி

2023-24 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மனநலத்துக்கென நேரடியாகத் தெரிந்த தொகை 919 கோடி. சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் இது ஒரு சதவீதத்தை ஒட்டியது. அதில் 721 கோடி நிம்ஹான்ஸுக்கு, 64 கோடி தேஜ்பூர் மனநல நிறுவனத்துக்கு, 134 கோடி தொலைபேசிச் சேவையான டெலி மானஸுக்கு. இரண்டு உயர் நிறுவனங்களும் ஒரு தொலைபேசி எண்ணும்! அந்த நிறுவனங்கள் தேவையானவை. 14416 என்ற எண்ணால் உயிர் பிழைத்தவர்கள் இருப்பார்கள். ஆனால் மாவட்டத் திட்டத்தின் பணம் இந்தக் கணக்கில் இல்லை. அது தேசிய சுகாதார இயக்கத்தின் தொற்றாநோய்த் தொகுப்புக்குள் கலந்து, 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம் என்று சேர்ந்து, மாநில சுகாதாரச் சங்கம் வழியாக மாவட்டத்துக்கு வருகிறது. ஒரு குடிமகன் நிதிநிலை அறிக்கையைப் புரட்டி, என் மாவட்டத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

வழி நீளமாக இருப்பதைவிடப் பெரிய குறை, பணம் ஆண்டுக்காண்டு அறுந்து வருவது. உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பெரும்பாலும் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். நோய் இருபது ஆண்டு நீடிக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரின் வேலை பதினோரு மாதம். ஒரு நோயாளி தன் வீட்டு விஷயத்தைத் திறந்து சொல்லும் அளவுக்கு ஒருவரை நம்ப எத்தனை சந்திப்பு ஆகும் என்பது இங்கிருக்கும் சமூகப் பணி மாணவர்களுக்குத் தெரியும். அப்படி நம்பிய பிறகு அந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டால் நோயாளி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், பலர் தொடங்குவதில்லை. நிரந்தரப் பணியிடம் கேட்பதைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். மனநலத்தில் அது சிகிச்சையின் பகுதி.

4. பிற நாடுகள் தரும் பாடம்

1955-இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 1963 அக்டோபர் 31 அன்று அதிபர் கென்னடி சமூக மனநல மையச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகளைச் சுருக்கி, ஊர் தோறும் மையங்கள் என்பது நோக்கம். அச்சட்டம் முதலில் தந்தது கட்டடத்துக்கான பணம். ஊழியர் சம்பளத்துக்கான மானியம் 1965-இல் வந்தது. அதுவும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும்படி வகுக்கப்பட்டது. திட்டமிட்ட மையங்களில் ஏறத்தாழப் பாதிதான் எழுந்தன. மருத்துவமனைகளோ நிற்காமல் காலியாயின. 1980-இல் அங்கே இருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஆள் வெளியே வந்தார், அவருக்கான பணம் கூடவே வரவில்லை. பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

இலங்கை வேறு பாதையில் போனது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த கவனத்தையும் நிதியையும் அவசர முகாம்களோடு கரையவிடாமல், 2005-இல் தேசிய மனநலக் கொள்கை வகுத்து மாவட்டச் சேவைகளாக மாற்றினார்கள். மருத்துவ அலுவலர்களுக்குக் குறுகிய மனநலப் பயிற்சி தந்து மாவட்டங்களில் அமர்த்தினார்கள். ஊர்களில் சமூக ஆதரவு அலுவலர்கள் வந்தார்கள். பேரலைக்கு முன் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டுமே மனநலச் சேவைக் கட்டமைப்பு இருந்தது. பின்னர் இருபதாக உயர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை பதிவுசெய்கிறது. குறைகள் அங்கும் உண்டு. ஆனாலும் மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது ஒரு மாவட்டத்தைக் கைவிடக் காரணமாகாது என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

5. உள்ளாட்சியின் பங்கு

இந்தப் பகுதி இங்கே வந்திருக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கானது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கென 29 பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட மக்கள் நலவாழ்வும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் நலமும் உண்டு. நம் மாநிலத்தில் சுகாதார நிலையங்கள் துறையின் கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றன. அதனால் மனநலம் நம் வேலையல்ல என்று ஊராட்சிகள் ஒதுங்கிவிட்டன.

பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி பரிந்துரைத்தது. துணை நிலையக் கட்டடம், பரிசோதனை வசதி, நகர்ப்புற நலவாழ்வு மையம், வட்டாரப் பொதுச் சுகாதார அலகு என்று அதன் தலைப்புகள் அமைந்தன. தொடர் கவனிப்புக்கு அதில் தனித் தலைப்பு இல்லை. கேரளத்தில் உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியில் வலிதணிப்புச் சிகிச்சைக்குத் தொகை ஒதுக்கி, செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகின்றன. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்பு 2008 முதல் இதே வழியில், உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு ஏழைகளுக்கு மனநலச் சிகிச்சை தந்துவருகிறது. எல்லை தாண்டினால் பாலக்காடு; பார்த்து வர முடியாத தூரமில்லை.

திருச்சி மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள். ஒவ்வொன்றும் தன் பொது நிதியில் ஒரு சிறு தொகையை மனநலத் தொடர் கவனிப்புக்கென்று ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்று தீர்மானிக்கட்டும். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு, விடுபட்டவரைத் தேடிப்போகும் தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை, தேறியவர்கள் பகலில் கூடி ஏதேனும் தொழில் செய்ய ஓர் அறை. அந்தத் தொகை சாலைக்கும் வடிகாலுக்கும் போய்விடும் என்று அதிகாரிகள் அஞ்சுவார்கள். அச்சம் நியாயமே. அதனால்தான் தனிக் கணக்குத் தலைப்பு கேட்கிறேன்.

6. சட்டம் நம் பக்கம்

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 18-ஆவது பிரிவு மனநலச் சேவையை உரிமையாக்குகிறது. குறைந்தபட்ச சேவை தம் மாவட்டத்தில் இல்லையென்றால், நோயாளி அதே மாவட்டத்தில் வேறு சேவையை நாடலாம். அதன் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. சங்கிலியால் கட்டுவதை 95-ஆவது பிரிவு முற்றாகத் தடைசெய்கிறது. திட்டமிடுபவர்கள் இவற்றை அறிவுரையாக எண்ணாமல், நிறைவேற்றாவிட்டால் வழக்கு வரும் கடமையாக எண்ண வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். மருந்தைத் தொடர்வது மட்டும் மனநலமா, வறுமையும் குடும்ப வன்முறையும் மதுவும் மாறாமல் என்ன பயன் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அவற்றுக்கான போராட்டம் தனியே நடக்க வேண்டும். ஆனால் மாதாமாதம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் செவிலியர் மாத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. அந்த வீட்டில் அடி விழுகிறதா, அடுப்பு எரிகிறதா என்பதும் அவர் கண்ணில் படும். கதவைத் தட்ட ஆளே இல்லாத அமைப்பில் மற்ற எதுவும் தெரியவராது.

ஊராட்சி உறுப்பினர்களே, அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திடம் மூன்று எண்களைக் கேளுங்கள். மனநோய்க்குப் பதிவானவர்கள் எத்தனை பேர்? அவர்களில் சென்ற மாதம் மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? வாங்காதவர்களில் எத்தனை பேரை யாராவது போய்ப் பார்த்தார்கள்? பெயர் கேட்க வேண்டாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மாணவர்களே, அந்த எண்களைத் தொகுத்துத் தருவதை உங்கள் களப்பணியாக எடுத்துக்கொள்ளுங்கள். 14 ஒன்றியங்களின் எண்களும் ஓராண்டுக்குக் கையில் இருந்தால், மாவட்ட ஆட்சியரிடம் நாம் நிதி கேட்டு வைக்கும் மனுவை எளிதில் தள்ளிவிட முடியாது.